ரோகி சசாகி: அந்த இறுதி ஆட்டத்தில் அவரை உட்கார வைத்தது சரியா?

நெய்தல்செல்வன் எழுதியது:

2025 வேர்ல்டு சீரிஸ், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர், முடிந்ததிலிருந்து இங்கே டாட்ஜர்ஸ் பிட்சர் (பந்து வீசுகிறவர்) யமமோட்டோ பேச்சுதான். அது நியாயமும்கூட. ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து வீசிவிட்டு, மறுநாளே ஏழாவது ஆட்டத்திலும் இறங்கிக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவரைப் பற்றிப் பேசாமல் எப்படி இருக்க முடியும்? ஆனால் அதே டாட்ஜர்ஸ் அணியில் இன்னொரு ஜப்பான் பிட்சர் ரோகி சசாகி இருக்கிறார். கோப்பையை ஜெயித்த இரண்டே நாளில் அவருக்கு 24 வயது நிறைந்தது. அவருக்கென்று தனி இழை ஒன்று வேண்டும் என்று தோன்றியது.

2019 ஜூலை மாதத்திலிருந்து தொடங்குகிறேன். இவாத்தே மாகாணத்தில் கடலோரமாக ஒஃபுனாதோ என்று ஒரு சிறிய ஊர். அங்கே உள்ள அரசுப் பள்ளியில் சசாகி கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஏப்ரலில் நடந்த தேசியப் பயிற்சி முகாமில் அவர் வீசிய ஒரு பந்து 163 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டிருந்தது. ஜப்பானில் பள்ளிப் பையன் ஒருவனும் அதற்கு முன் அந்த வேகத்தில் வீசியதில்லை. ஜூலை 21-இல் மோரியோகா பள்ளி அணிக்கு எதிராக 12 இன்னிங்ஸ் (வழக்கமாக ஆட்டம் ஒன்பதில் முடியும்), 194 பந்து. அந்த ஆட்டத்தை ஜெயிக்க வைத்த ஹோம் ரன்னையும் அவரே அடித்தார். 24-ஆம் தேதி அரையிறுதியில் 129 பந்து, 15 ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாமலே பேட்டர் அவுட் ஆவது), எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. 25-ஆம் தேதி மாகாண இறுதி ஆட்டம். ஜெயித்தால் கோஷியென், அதாவது பள்ளிகளுக்கான தேசியத் தொடர்.

பயிற்சியாளர் கொகுபோ யோஹேய் அன்று அவரை இறக்கவே இல்லை. பிட்சராகவும் இல்லை, பேட்டராகவும் இல்லை. ஒன்பது இன்னிங்ஸும் பெஞ்சில் இருந்தபடியே அவர் பார்த்துக்கொண்டிருக்க, அணி 12-2 என்று தோற்றது. பையனின் உடம்புக்குக் காயம் வந்துவிடக்கூடாது என்பதுதான் பயிற்சியாளர் சொன்ன காரணம்.

அவர் செய்தது சரி என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?


வலைப்பயிற்சி எழுதியது:

நான் கிரிக்கெட் பார்க்கிறவன், பேஸ்பால் இப்போதுதான் கற்றுக்கொண்டு வருகிறேன். ஒரு சந்தேகம் அண்ணா. 129 பந்து என்றால் 21 ஓவர் கணக்கு. டெஸ்டில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் ஒரே நாளில் அதைப் போட்டுவிட்டு மறுநாளும் ஓடி வருகிறார். இவர்கள் நின்ற இடத்தில் நின்றுதானே எறிகிறார்கள்? ஓட்டமும் கிடையாது. அப்புறம் ஏன் இத்தனை பயம்?


பிரபா சாய்தாமா எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. ஓட்டம் இல்லாததுதான் சிக்கலே. கிரிக்கெட்டில் வேகத்தின் ஒரு பகுதியை ஓட்டம் கொடுத்துவிடுகிறது, கையும் நீட்டியபடியே சுற்றி வருகிறது. அதனால் அங்கே முதலில் அடிபடுவது முதுகும் கணுக்காலும். பேஸ்பாலில் முழங்கையை மடக்கித்தான் எறிய வேண்டும். கை பின்னால் போய் முன்னால் திரும்பும் அந்தக் கணத்தில் தோள் நொடிக்கு 7,000 பாகைக்கு மேல் சுழலும். மனித உடம்பில் அளந்து பார்த்த அசைவுகளிலேயே மிக வேகமானவற்றில் அது ஒன்று. அந்த இழுப்பை முழங்கையின் உள்பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னத் தசைநார் தாங்க வேண்டியிருக்கிறது. சுற்றியுள்ள தசைகள் களைத்துப்போனால் பாரம் முழுக்க அதன் மேல் இறங்கும்.

அது அறுந்தால் டாமி ஜான் ஆபரேஷன்தான். 1974 செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதல்முறையாக டாமி ஜானுக்குச் செய்தார், அதனால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. மறு கையிலிருந்து ஒரு நாரை எடுத்து முழங்கையில் கட்டினார். டாமி ஜான் 1976-இல் திரும்பி வந்து, அதன்பிறகு மட்டும் 164 ஆட்டங்கள் ஜெயித்தார். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு ‘அறுந்தால் தைத்துக்கொள்ளலாம்’ என்று பலர் நினைக்கிறார்கள். எல்லோரும் டாமி ஜான் ஆகிவிடுவதில்லை. 14 ஸ்ட்ரைக் அவுட்டோடு அறிமுகமான ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு அதே 2010-இல் கை போனது. திரும்பி வந்தார், 2019-இல் வேர்ல்டு சீரிஸின் சிறந்த ஆட்டக்காரரும் ஆனார். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஆடியது மொத்தமே எட்டு ஆட்டம்.

சசாகி விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. பையன் 190 சென்டிமீட்டருக்கு வளர்ந்துவிட்டான், ஆனால் எலும்புகள் இன்னும் முற்றவில்லை என்று மருத்துவப் பரிசோதனையில் தெரிந்திருந்தது. உள்ளே பிள்ளை எலும்பு, வெளியே 163 கிலோமீட்டர் வேகம். கொகுபோ இதை மனதில் வைத்துத்தான் முடிவெடுத்தார்.


மீனாட்சி சு. எழுதியது:

சசாகியின் கையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். மற்ற பையன்களை யாராவது நினைத்துப் பார்க்கிறீர்களா?

அந்தப் பள்ளி கடைசியாகக் கோஷியென் போனது 1984-இல். பெரிய தனியார் பள்ளிகள் கூப்பிட்டும் சசாகி போகவில்லை, ஊர்ப் பையன்களோடு ஆட வேண்டும் என்று உள்ளூர்ப் பள்ளியிலேயே சேர்ந்தார். அந்தப் பையன்களில் பலரும் அவரோடு சேர்ந்து ஆடத்தான் அங்கே வந்தார்கள். மூன்று வருடம் விடியற்காலையில் எழுந்து மைதானத்துக்கு வந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் வாழ்க்கையிலேயே கடைசிப் பெரிய ஆட்டம். எதிரே யார்? ஹனமாகி ஹிகாஷி. டாட்ஜர்ஸ் நட்சத்திரம் ஓதானி படித்த பள்ளி. அந்தத் தொடரில் அதுவரை ஒரு பந்துகூட வீசாத பையனை மவுண்டில் (பந்து வீசும் மேட்டில்) ஏற்றினார் பயிற்சியாளர். தோற்ற பிறகு அந்தப் பையன் எப்படி வீட்டுக்குப் போயிருப்பான்?

எனக்கு இன்னும் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. பயிற்சியாளர் சசாகியிடம் கேட்கவே இல்லை. முடிவு செய்தது அவர், காலையில் சொன்னதும் அவர். 17 வயதுப் பிள்ளையிடம் ‘உனக்கு எப்படி இருக்கிறது’ என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன?


நெய்தல்செல்வன் எழுதியது:

மீனாட்சி அக்கா, கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான்? ‘முடியாது’ என்று எந்தப் பிள்ளை சொல்லும்? ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, 35 வருடக் கனவு தோளில் இருக்கிறது, பக்கத்தில் கூட்டாளிகள் நிற்கிறார்கள். கேட்பது என்பதே அந்த இடத்தில் அவன் தலையில் பாரத்தை ஏற்றி வைப்பதுதான். அந்தப் பாரத்தைப் பெரியவர் தானே வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு பள்ளிக்கு வந்த வசவுத் தொலைபேசிகளுக்குக் கணக்கில்லை. டிவியில் ஹரிமோட்டோ இசாவோ மாதிரி பெரிய பழைய ஆட்டக்காரரே திட்டினார். அமெரிக்காவில் ஆடிக்கொண்டிருந்த ஜப்பான் பிட்சர் டார்விஷ் பயிற்சியாளர் பக்கம் நின்றார். கொகுபோவுக்கு அப்போது முப்பது சொச்சம் வயது. கோஷியென் போயிருந்தால் பேரும் புகழும் அவருக்கும்தானே? அதை வேண்டாம் என்று விட்டவரிடம் சுயநலம் எங்கே இருக்கிறது?


மீனாட்சி சு. எழுதியது:

சுயநலம் என்று நான் சொல்லவில்லை தம்பி. அவர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் கேட்காமல் முடிவெடுப்பதும் வலிக்கும் என்கிறேன். அரையிறுதியில் 129 பந்து வீச விட்டதும் அவர்தானே? முன்பே நிறுத்தி, இறுதி ஆட்டத்துக்கு 50 பந்தாவது மிச்சம் வைத்திருக்கலாம். நான்கு நாள் முன்னால் 194 பந்து வீசியபோது இந்த அக்கறை எங்கே போயிருந்தது?


பிரபா சாய்தாமா எழுதியது:

அந்த 194 பந்து விஷயத்தில் அக்கா சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கோஷியென் என்ன செய்யும் என்பதையும் பார்க்க வேண்டும். 1998-இல் மட்சுசாகா தைசுகே கால் இறுதியில் 17 இன்னிங்ஸ், 250 பந்து. மறுநாள் கையில் போட்டிருந்த கட்டைப் பிரித்துவிட்டு ஓர் இன்னிங்ஸ். அதற்கு அடுத்த நாள் இறுதி ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட கொடுக்கவில்லை. இங்கே ஜப்பானில் அந்த மூன்று நாளைப் பற்றி இன்றைக்கும் கண்கலங்கப் பேசுவார்கள். மட்சுசாகாவாவது சீபு என்ற ஜப்பான் தொழில்முறை அணியில் ஜொலித்து, பாஸ்டன் போய், அங்கே 2011-இல் முழங்கை ஆபரேஷன் வரை தாக்குப்பிடித்தார். 2013 வசந்தத் தொடரில் அன்ராகு தோமோஹிரோ என்ற 16 வயதுப் பையன் 772 பந்து வீசினான். அந்தப் பையன் மேல் வைத்த எதிர்பார்ப்பு தொழில்முறையில் நிறைவேறவில்லை. 2018-இல் யோஷிதா கோசேய் 881 பந்து. அதற்குப் பிறகுதான் வாரத்துக்கு 500 பந்து என்ற வரம்பே வந்தது. சசாகியின் 2019 ஆட்டம் அந்த விவாதத்தின் நடுவில்தான் வந்து விழுந்தது.


கடற்காகம் எழுதியது:

நான் சிபா நகரின் தொழில்முறை அணியான லோட்டேயின் ரசிகன், அங்கே இருந்தபோது ஒட்டிக்கொண்டது. பள்ளிக் கதையோடு நிறுத்தாதீர்கள். அதே கேள்வி லோட்டேயிலும் தொடர்ந்தது.

2019 தேர்வில் நான்கு அணிகள் சசாகியைக் கேட்டன, சீட்டு லோட்டேக்கு விழுந்தது. 2020 முழுக்க ஓர் ஆட்டம்கூட இல்லை. மெயின் அணியிலும் இல்லை, இரண்டாம் அணியிலும் இல்லை. யோஷி மசாத்தோ என்ற பிட்சிங் பயிற்சியாளர் உடம்பைக் கட்டிவிட்டுத்தான் இறக்குவேன் என்று நின்றார். மெயின் அணிக்கு அவருடைய முதல் ஆட்டம் 2021 மே மாதம்.

பலன் 2022 ஏப்ரல் 10-இல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடலோர மரீன் ஸ்டேடியம், எதிரே ஓரிக்ஸ். அங்கே காற்று எப்போதும் உண்டு. கடலிலிருந்து அடித்து, பின்சுவரில் மோதி, மவுண்டைப் பார்த்துத் திரும்பும். ஃபோர்க் பந்து வீசுகிறவர்களுக்கு அது வரம். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பந்தைச் செருகிப் பிடித்து எறிவார். 145 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வருவதுபோல் வந்து, பேட்டர் மட்டையைச் சுழற்றியதும் காலடியில் விழுந்துவிடும். அன்றைக்கு மட்டைக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. தொடர்ச்சியாக 13 பேர் ஸ்ட்ரைக் அவுட். அதற்கு முன் ஜப்பான் சாதனை 9, அமெரிக்காவில் 10. லேசில் ஸ்ட்ரைக் அவுட் ஆகாத யோஷிதா மசதாகா மூன்று தடவை ஆனார். மொத்தம் 19 ஸ்ட்ரைக் அவுட், 105 பந்து, 27 பேர் வந்தார்கள், 27 பேரும் போனார்கள். பெர்ஃபெக்ட் கேம். ஜப்பானில் 28 வருடம் கழித்து வந்த முதல் பெர்ஃபெக்ட் கேம் அது. வீசியவருக்கு 20 வயது. பிடித்த கேட்சர் மட்சுகாவா கோவுக்கு 18, பள்ளி முடித்து அப்போதுதான் வந்தவர். எல்லா பேஸிலும் ஆள் இருக்கும்போது டபுள் (இரண்டு பேஸ் ஓட வைக்கும் அடி) அடித்து மூன்று ரன் சேர்த்துக் கொடுத்ததும் அதே மட்சுகாவாதான்.

ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 17, நிப்பான் ஹாம் அணியோடு ஆட்டம். எட்டு இன்னிங்ஸ் முடிந்தது, 24 பேரும் அவுட், 14 ஸ்ட்ரைக் அவுட், 102 பந்து. அடுத்தடுத்து இரண்டு பெர்ஃபெக்ட் கேம் வீசியவர் ஜப்பான், அமெரிக்கப் பெரிய லீக்குகளில் இல்லை. இன்னும் மூன்று பேர்தான் பாக்கி. மேலாளர் இகுச்சி அவரை எடுத்துவிட்டார்.

ஸ்கோர் 0-0. பத்தாவது இன்னிங்ஸில் லோட்டே தோற்றது.


வலைப்பயிற்சி எழுதியது:

> இன்னும் மூன்று பேர்தான் பாக்கி. மேலாளர் இகுச்சி அவரை எடுத்துவிட்டார்.

இதைப் படிக்கும்போதே நெஞ்சு அடைக்கிறது. 2025-இல் இங்கிலாந்தில் பும்ராவுக்கு ஐந்தில் மூன்று டெஸ்ட்தான் என்று முன்கூட்டியே முடிவு செய்தபோது நாங்கள் எவ்வளவு சண்டை போட்டோம்! இது அதைவிடப் பெரிய முடிவாகத் தெரிகிறது. மைதானத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் அண்ணா?


கடற்காகம் எழுதியது:

ஒன்பதாவது இன்னிங்ஸில் வேறு பிட்சரின் பெயரை அறிவித்ததும் பெருமூச்சுத்தான் தம்பி. திட்டியவர்கள் குறைவு. எட்டாவது இன்னிங்ஸிலேயே அவர் களைத்துவிட்டார் என்றார் இகுச்சி. லோட்டே ஒரு ரன் எடுத்திருந்தால் விட்டிருப்பாரோ என்னவோ. 0-0 நிலையில் ஒன்பதையும் முடித்திருந்தால்கூட ஆட்டம் நீண்டிருக்கும், சாதனையும் கையில் வந்திருக்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே இகுச்சி முடிவை நான் ஏற்கிறேன்.

ஆனால் லோட்டே ரசிகனாக எனக்கு வேறொரு ஆதங்கம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை பாதுகாத்தும் ஒரு சீசனைக்கூட அவர் முழுதாக ஆடவில்லை. 2022-இல் 129.1 இன்னிங்ஸ்தான் உச்சம். 2023-இல் விலாத் தசை பிடித்து 91. 2024-இல் 111. ஐந்து வருடத்தில் 29 வெற்றி, 15 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.10 ரன் கொடுத்த சராசரி, 505 ஸ்ட்ரைக் அவுட். எண்ணைப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும், ஆனால் ஆடிய நாட்கள் குறைவு. பொத்திப் பொத்தி வளர்த்தோம், பழுத்ததும் அமெரிக்கா பறித்துக்கொண்டது.

பணமும் வரவில்லை. 25 வயது ஆகாத ஜப்பான் வீரர் அமெரிக்கா போனால் புதுமுகப் பையன்களுக்கான உச்சவரம்புக்குள்தான் கையெழுத்து. யமமோட்டோ 25 வயதில் 32.5 கோடி டாலருக்குப் போனார். சசாகி 2025 ஜனவரியில் 65 லட்சம் டாலருக்குப் போனார். லோட்டேக்குக் கிடைத்தது அதில் கால்வாசி, அவ்வளவுதான். இன்னும் இரண்டு வருடம் பொறுத்திருந்தால் அவருக்கும் நல்லது, அணிக்கும் நல்லது.


மீனாட்சி சு. எழுதியது:

இந்த ஒரு விஷயத்தில் நான் சசாகி பக்கம். 2019-இல் அவருக்காகப் பயிற்சியாளர் முடிவெடுத்தார். 2020-இல் யோஷி. 2022-இல் இகுச்சி. பிட்ச்சராக அவர் வாழ்க்கையில் அவரே எடுத்த முதல் பெரிய முடிவு இந்த அமெரிக்கப் பயணம்தான். பல கோடி டாலர் நஷ்டம் என்று தெரிந்தே எடுத்திருக்கிறார். நாளைக்கு இருப்போம் என்ற நிச்சயத்தில் இரண்டு வருடம் காத்திருக்க எல்லோராலும் முடியாது. அவர் கதை தெரிந்தவர்களுக்கு இது புரியும்.


நெய்தல்செல்வன் எழுதியது:

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சசாகி பிறந்தது ரிக்குசென்தகாதாவில். 2011 மார்ச் 11 சுனாமி அந்த ஊரைத் துடைத்துப்போட்டது. அப்போது அவருக்கு 9 வயது. பள்ளியிலிருந்து மேட்டுக்கு ஓடித் தப்பினார். அப்பாவும், தாத்தா பாட்டியும் போய்விட்டார்கள். அம்மாவோடும் சகோதரர்களோடும் ஒஃபுனாதோவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயும் பேஸ்பாலை விடவில்லை.

2023 வேர்ல்டு பேஸ்பால் கிளாசிக்கில் அவர் இறங்கிய முதல் நாளும் மார்ச் 11-தான். டோக்கியோ டோம், எதிரே செக் குடியரசு. 66 பந்தில் 8 ஸ்ட்ரைக் அவுட். அதில் ஒரு பந்து, 162 கிலோமீட்டர் வேகத்தில் போனது, வில்லி எஸ்கலா என்ற செக் பேட்டரின் முழங்காலில் பட்டுவிட்டது. மனிதர் சுருண்டு விழுந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று காட்ட கோட்டோரமாக ஓடிக் காட்டினார். அரங்கமே கைதட்டியது. சசாகி தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார். பிறகு செக் அணி தங்கியிருந்த ஹோட்டலுக்கே இரண்டு கை நிறைய மிட்டாய்ப் பைகளோடு போய் நின்றார். லோட்டே மிட்டாய்க் கம்பெனிதானே, அவர்கள் தயாரிப்பையே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். எஸ்கலா மிட்டாயோடு சிரிக்கும் படத்தைத் தேடிப் பாருங்கள்.

2025 தொடக்கத்தில் ஒஃபுனாதோ காட்டுத் தீயில் எரிந்தபோது ஒரு கோடி யென் கொடுத்ததும் இவர்தான்.


பிரபா சாய்தாமா எழுதியது:

சரி, இப்போது 2025-க்கு வருவோம். காப்பாற்றிய கை என்ன ஆனது என்று தெரிய வேண்டுமே.

மார்ச் 19, டோக்கியோ டோமில் முதல் ஆட்டம். 100 மைல் வேகம் இருந்தது, ஆனால் மூன்று இன்னிங்ஸில் இலக்குத் தவறி வீசி ஐந்து பேரை முதல் பேஸுக்குச் சும்மா நடக்க விட்டார். ஏப்ரலில் வேகம் இறங்கியது. மே 9, அரிசோனாவுக்கு எதிராக ஒரு ஸ்ட்ரைக் அவுட்கூட இல்லை. ஜப்பானில் 13 பேரைத் தொடர்ந்து அவுட் ஆக்கியவருக்கு! நான்கு நாளில் தோள் வலி என்று காயப் பட்டியலில் போட்டார்கள். நான்கு மாதம் காணவில்லை.

ஊர்ப் பத்திரிகைகள் ‘அவசரப்பட்டுப் போய்விட்டார்’ என்று எழுதித் தீர்த்தன. அங்கே டாட்ஜர்ஸ் பிட்சிங் குழு அவருடைய உடல் அசைவைத் திருத்திக்கொண்டிருந்தது. செப்டம்பரில் திரும்பியபோது மறுபடி 100 மைல். அணிக்குக் கடைசி இன்னிங்ஸ் போட ஆள் இல்லை. இவரை அங்கே தள்ளினார்கள், பழக்கமே இல்லாத வேலை. அக்டோபர் 9, ஃபிலடெல்ஃபியாவோடு பிளே-ஆஃப் தொடரின் நான்காவது ஆட்டம். எட்டு, ஒன்பது, பத்து என மூன்று இன்னிங்ஸ், ஒன்பது பேர் வந்து ஒன்பது பேரும் அவுட். அந்த ஆட்டத்தை 11-ஆவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் ஜெயித்துத் தொடரை முடித்தது. பிளே-ஆஃப் முழுக்க மூன்று சேவ் (முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடித்து வைப்பது).


வலைப்பயிற்சி எழுதியது:

அப்படியென்றால் 2019-இல் காப்பாற்றியது வீண் போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?


கடற்காகம் எழுதியது:

எளிதாக அப்படிச் சொல்லிவிட முடியாது தம்பி. பக்கத்திலேயே யமமோட்டோவைப் பார். 178 சென்டிமீட்டர்தான், எடை தூக்குவதில்லை, ஈட்டி மாதிரி ஒன்றை எறிந்து பயிற்சி செய்கிறார். பிளே-ஆஃபில் இரண்டு முழு ஆட்டம் வீசினார். கடைசி இரண்டு நாளும் வீசினார். உடம்பு ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி. பாதுகாத்தால் நிலைக்கும், வதைத்தால் உடையும் என்று சூத்திரம் போட முடியாது. சசாகியின் முழங்கை 2025 சீசன் முடியும் வரை ஆபரேஷன் மேசையைப் பார்க்கவில்லை, அது உண்மை. ஆனால் வேர்ல்டு சீரிஸின் ஆறாவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் தடுமாறி, இன்னொரு பிட்சர் கிளாஸ்னோ வந்துதான் முடித்து வைத்தார் என்பதும் உண்மை.


நெய்தல்செல்வன் எழுதியது:

கடற்காகம் சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் என் கட்சி மாறாது. 2019 ஜூலை 25 காலையில் கொகுபோவுக்கு யமமோட்டோவைத் தெரியாது, 2025 அக்டோபரும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது முற்றாத எலும்பு, ஐந்து நாளுக்குள் 323 பந்து, வெயில், எதிரே ஒரு வலுவான அணி. அதை வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் எடுக்க வேண்டிய முடிவைத்தான் எடுத்தார். பின்னால் கை உடைந்திருந்தால்கூட அன்றைய முடிவு சரிதான் என்பேன். மீனாட்சி அக்கா சொன்ன மற்ற பையன்களுக்கு நடந்தது அநியாயம், அதற்கு ஈடு கிடையாது. அவர்களிடம் முதல்நாள் இரவே உட்கார்ந்து பேசியிருக்கலாம்.


மீனாட்சி சு. எழுதியது:

அந்தக் கடைசி வரி போதும் தம்பி. நான் கேட்டது அவ்வளவுதான்.


பிரபா சாய்தாமா எழுதியது:

2026-இல் அவரைத் திரும்பவும் தொடக்க பிட்சராக்கப் போவதாக அணி சொல்லியிருக்கிறது. எனக்குள்ள கவலை மூன்றாவது பந்து. வேகப்பந்தும் ஃபோர்க்கும் வைத்துக்கொண்டு ஓர் இன்னிங்ஸ் தள்ளிவிடலாம். ஒரே பேட்டரை மூன்றாம் தடவை சந்திக்கும்போது அமெரிக்காவில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவருடைய வேகப்பந்து நேராக வருகிறது, அதனால் 98 மைலில் போட்டாலும் மட்டையில் படுகிறது. உள்ளே வளைகிற மாதிரி ஒன்று இந்தக் குளிர்காலத்தில் பழகியாக வேண்டும். பிப்ரவரியில் அரிசோனா முகாம் தொடங்கியதும் அங்கே என்ன வீசுகிறார் என்பதை இதே இழையில் போடுகிறேன்.